மதுரையில் பிறந்த அகஸ்டஸ் டி மார்கன்

சென்ற ஆண்டுப் பொங்கலுக்கு ஊர் போகாமல் விடுதியிலேயே தங்கிவிட்ட ஒரு தம்பியைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். அதைச் சொன்னால்தான், 1871இல் இலண்டனில் மறைந்த ஒரு கணிதப் பேராசிரியரின் வரலாற்றை நான் ஏன் தேடிப் படித்தேன் என்பது நண்பர்களுக்கு விளங்கும்.

நம் சங்கத்தில் பயண உதவி நிதி ஒன்று உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். அதன் விதி எளியது. ஒருவர் கல்வி உதவித்தொகையும் பெறுகிறார், முந்திய ஆண்டு நம் நிதியிலிருந்து பயணப் பணமும் பெற்றிருக்கிறார் என்றால், அவரை இம்முறை விலக்கிவிட வேண்டும். இரண்டும் சேர்ந்திருந்தால் மட்டுமே விலக்கு. விண்ணப்பித்தவர் 41 பேர். கையால் பிரித்தால் அரைமணி நேர வேலை. ஆனால் கணிப்பொறி படிக்கிறவன் கையால் பிரிப்பானா? செயலாளர் அண்ணன் என்னிடம் பட்டியலைத் தந்தார். பைத்தான் மொழியில் ஒரு நொடியில் பிரித்துத் தருவதாக நானும் மார்தட்டினேன்.

என் அறைத்தோழர் முன்பே ஒரு நிரல் எழுதி வைத்திருந்தார். பட்டியலின் தலையிலிருந்து ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே போய், விலக்க வேண்டியவரை அங்கேயே நீக்கிவிடும் நிரல் அது. அதில் பலரும் செய்யும் பழைய பிழை ஒன்று இருந்தது. நான்காம் இடத்தில் இருப்பவரை நீக்கினால், ஐந்தாமவர் நான்காம் இடத்துக்கு நகர்ந்துவிடுவார். நிரலோ அடுத்தபடியாக ஐந்தாம் இடத்துக்குப் போய்விடும். நகர்ந்து வந்தவரை அது பார்ப்பதே இல்லை. நடக்கிற பலகையைப் பெயர்த்துக்கொண்டே பாலத்தைக் கடக்கிற வேலை! இதைக் கண்டுபிடித்ததில் எனக்குப் பெரும் மகிழ்ச்சி. அந்த மொழியின் வழக்கு அதுவன்று. பழைய பட்டியலைத் தொடவே கூடாது. நிபந்தனைக்குப் பொருந்துகிறவர்களை மட்டும் கொண்ட புதுப் பட்டியலை ஒரே வரியில் எழுதிக்கொள்ள வேண்டும் என்று அவருக்கு ஒரு விரிவுரையே நிகழ்த்தினேன். எழுதியும் காட்டினேன்.

அந்த ஒரு வரியில் என்ன எழுதினேன்? உதவித்தொகை இல்லாதவராகவும், பயணப் பணம் பெறாதவராகவும் இருப்பவரை வைத்துக்கொள் என்று எழுதினேன். இரண்டும் உடையவரை விலக்கு என்பதைத் திருப்பிப் போட்டால், இரண்டும் இல்லாதவரை வை என்றுதானே வரும்? காதுக்கு எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது! ஆனால் ஒன்று மட்டும் உடையவர்கள் எங்கே போனார்கள்? 41 பேரில் இரண்டும் உடையவர் 6 பேர். உதவித்தொகை மட்டும் பெறுகிறவர் 12 பேர். பயணப் பணம் மட்டும் பெற்றவர் 7 பேர். இரண்டும் இல்லாதவர் 16 பேர். விதிப்படி 6 பேரை விலக்கி 35 பேருக்குக் கொடுத்திருக்க வேண்டும். என் நிரல் 16 பேரைத்தான் தந்தது. நிதியில் பணம் மிஞ்சிற்று. செயற்குழுவில் யாரும் ஐயுறவில்லை. கணிப்பொறி சொன்னதாயிற்றே!

ஆய்வுக்கூட வேலை காரணமாக நானும் அந்தப் பொங்கலுக்கு ஊர் போகவில்லை. பொங்கலன்று காலை மெஸ்ஸுக்குப் போனால், குளிருக்குப் போர்வையைச் சுற்றிக்கொண்டு இந்தத் தம்பி தனியாக உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான். இராமநாதபுரம் மாவட்டத்துப் பிள்ளை. இரண்டாம் ஆண்டு மாணவன். ஏன் போகவில்லை என்று கேட்டேன். பட்டியலில் தன் பெயர் இல்லை என்றும், தன்னைவிட இல்லாதவர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள் போலும் என்றும் அமைதியாகச் சொன்னான். குறைப்பட்டுக்கூடச் சொல்லவில்லை. அவன் உதவித்தொகை மட்டும் பெறுகிற 12 பேரில் ஒருவன். அன்றிரவு 41 பெயர்களையும் தாளில் எழுதிக் கையால் பிரித்தேன். அரைமணி நேரம்தான் ஆயிற்று.

கடன் வாங்கி ஊர் போய் வந்தவர்களுக்குப் பிறகு பணம் கொடுத்துவிட்டோம். போகாதவனுக்குப் பயணப் பணம் கொடுக்க விதியில் இடமில்லை.

நான் மீறிய நெறிக்குத் தருக்க நூல்களில் டி மார்கன் விதி என்று பெயர். தேர்வுக்காக அதை நான் மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் வாங்கியவன், அதுதான் வெட்கம். யார் இந்த டி மார்கன் என்று தேடத் தொடங்கியபோது, முதல் வரியே என்னைத் தூக்கிவாரிப் போட்டது. 1806ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் அவர் பிறந்த ஊர் மதுரை! என் அறைத்தோழர் மதுரைக்காரர். தம் நிரலைக் குறை சொன்னவனைத் தம் ஊர்க்காரரே பழி தீர்த்துவிட்டார் என்று அவர் ஒரு வாரம் சொல்லித் திரிந்தார்.

ஊர்ப்பெருமையை அளவோடு வைத்துக்கொள்ளுவோம். தந்தையார் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் அதிகாரி. குழந்தைக்கு ஏழு மாதம் ஆனபோதே குடும்பம் கப்பலேறி இங்கிலாந்து போய்விட்டது. வைகையையும் மீனாட்சியம்மன் கோபுரத்தையும் அந்தக் குழந்தை நினைவில் வைத்திருக்க முடியாது. அவர் பின்னர் இந்தியாவுக்கு வரவும் இல்லை. மதுரை அவருக்குத் தமிழைக் கொடுக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கொடுத்தது. தாம் ஆங்கிலேயருமல்லர், ஸ்காட்லாந்தியருமல்லர், வேல்ஸ், ஐரிஷ் நாட்டவருமல்லர். எதனோடும் ஒட்டாத பிரிட்டானியர் என்று அவர் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்வதுண்டாம். எந்தக் கூட்டத்தின் பெயர்ப்பட்டியலிலும் தம் பெயரை எழுதிக்கொள்ள விரும்பாத அந்த இயல்பு வாழ்நாள் முழுதும் அவரோடு இருந்தது.

பிறந்த சிறிது காலத்திலேயே வலக்கண் பார்வை போய்விட்டது. பத்து வயதில் தந்தையும் போனார். இந்தியாவிலிருந்து திரும்பும் வழியில், செயின்ட் ஹெலினாத் தீவுக்கு அருகே, கடலில் மறைந்தார். பள்ளியில் ஒரு முரட்டுப் பையன் ஓசைப்படாமல் குருட்டுக் கண் பக்கமாக வந்து, கன்னத்தருகே பேனாக்கத்தி முனையைப் பிடித்துக்கொண்டு பெயர் சொல்லிக் கூப்பிடுவானாம். இவர் திரும்பினால் கத்தி குத்தும். ஒருநாள் அவனைப் பிடித்து நன்றாக உதைத்த பிறகே அந்தத் தொல்லை தீர்ந்தது என்பர்.

பதினான்கு வயதுவரை அவருடைய கணிதத் திறமை யாருக்கும் தெரியவில்லை. யூக்ளிடின் வடிவம் ஒன்றைக் கோலும் கவராயமும் கொண்டு மிக நுட்பமாக வரைந்துகொண்டிருந்த பையனைக் குடும்ப நண்பர் ஒருவர் பார்த்தார். படம் வரைவது நோக்கமன்று, நிறுவுவதே நோக்கம் என்று அவர் எடுத்துச் சொன்னதும் வழி திறந்தது. தாயின் முன்னோர்களில் ஜேம்ஸ் டாட்சன் என்ற கணிதர் ஒருவர் இருந்தார். எதிர்மடக்கை அட்டவணை கணித்துத் தந்தவர். குருதியில் கணக்கு இருந்தது என்று சொல்லலாமா? எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஒற்றைக் கண்ணால் பந்து விளையாட முடியாத பையன் புத்தகத்தோடு இருந்தான். அதுவும் ஒரு காரணம்.

1823இல், பதினாறு வயதில், கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரியில் சேர்ந்தார். புல்லாங்குழல் நன்றாக வாசிப்பார். கண்டதையெல்லாம் படிப்பார். அதனால்தானோ என்னவோ, 1827ஆம் ஆண்டுக் கணிதத் தேர்வில் நான்காம் இடம்தான் கிடைத்தது. அடுத்த படியான எம்.ஏ. பட்டத்துக்கு ஒரு தடை இருந்தது. இங்கிலாந்துத் திருச்சபையின் கொள்கைகளை ஏற்பதாகக் கையொப்பமிட வேண்டும். நம்பாததில் ஒப்பமிடுவதா? முடியாது என்றார். எம்.ஏ. இல்லை, எனவே கேம்பிரிட்ஜில் ஆசிரியப் பதவியும் இல்லை. மகன் சமயத் தொண்டனாக வேண்டுமென்று விரும்பிய தாய்க்கு எவ்வளவு வருத்தமாக இருந்திருக்கும்! இருபத்தொரு வயதில் ஒரே ஒரு கையொப்பத்துக்காக எதிர்காலத்தை விட்டுக்கொடுப்பது எளிய செயலன்று.

சட்டம் படிக்கலாமென்று இலண்டனுக்குப் போனார். அப்போதுதான் அங்கே சமயச் சோதனை இல்லாத புதிய பல்கலைக் கழகம் ஒன்று தோன்றியிருந்தது. பின்னாளில் யூனிவர்சிடி கல்லூரி என்று பெயர் பெற்றது அதுவே. 1828இல், கணித நூல் ஒன்றுகூட எழுதியிராத அந்த இளைஞர் அதன் முதற் கணிதப் பேராசிரியரானார். மூன்றே ஆண்டுகளில் பதவியை உதறினார். உடற்கூற்றுப் பேராசிரியரைக் காரணம் காட்டாமல் நிருவாகம் நீக்கிவிட்டது. ஆசிரியரை இப்படி நீக்க முடியுமானால் தமக்கும் அங்கே இடமில்லை என்று விலகினார். நீக்கப்பட்டவர் வேறு துறையினர் என்பதைக் கவனியுங்கள். 1836இல், தமக்குப் பின் வந்தவர் நீரில் மூழ்கி இறந்துவிடவே, கல்லூரி அழைக்கத் திரும்பினார். பிறகு முப்பது ஆண்டுகள் அங்கேயே கற்பித்தார்.

ஆசிரியர் என்ற நிலையில்தான் அவர் மிக உயர்ந்து நிற்கிறார் என்பது என் எண்ணம். நூல்கள் பல எழுதினார். 'பென்னி சைக்ளோபீடியா' என்ற கலைக்களஞ்சியத்துக்கு எழுநூறுக்கு மேற்பட்ட கட்டுரைகள் எழுதினார். நாம் இன்று கணிதத் தொகுத்தறிதல் என்கிறோமே, அதற்கு ஆங்கிலப் பெயரை அந்தக் கட்டுரைகளுள் ஒன்றில் 1838இல் நிலைநிறுத்தியவர் அவர்தான். முதற் கணிப்பொறி நிரலை எழுதியவர் என்று பலர் போற்றும் ஏடா லவ்லேசு அம்மையாருக்கு 1840ஐ ஒட்டிய காலத்தில் கடிதங்கள் வழியாகக் கணிதம் கற்பித்தவரும் இவரே. 1852 அக்டோபரில் ஒரு மாணவர் வந்து, எந்த வரைபடத்துக்கும் நான்கு வண்ணங்கள் போதுமென்று தம் அண்ணன் சொல்கிறாரே, அது உண்மையா என்று கேட்டார். டி மார்கனுக்கு விடை தெரியவில்லை. தெரியாததை மறைக்காமல், அன்றே டப்ளினில் இருந்த நண்பரான ஹாமில்டனுக்கு எழுதினார். அதற்கு விடை கிடைக்க 1976 ஆயிற்று. அதுவும் கணிப்பொறியின் துணையோடு.

தில்லியில் படிக்கும் நாம் நினைக்க வேண்டிய செய்தி ஒன்று இதனிடையே உண்டு. நம் ஜாகிர் உசேன் கல்லூரிக்கு முன்னோடியான பழைய தில்லிக் கல்லூரியில் இராமச்சந்திரர் என்ற ஆசிரியர் இருந்தார். பெருமம், சிறுமம் காணும் கணக்குகளை நுண்கணிதம் இல்லாமல் இயற்கணிதத்தாலேயே தீர்க்கும் நூல் ஒன்றை அவர் எழுதி, 1850இல் கல்கத்தாவில் அச்சிட்டார். அங்கே அதற்கு நல்ல வரவேற்பில்லை. ஒரு படி டி மார்கன் கைக்குப் போயிற்று. முன்பின் பார்த்திராத ஒருவரின் நூலுக்காக அவர் கம்பெனி இயக்குநர்களோடு எழுதிப் போராடி, நீண்ட முன்னுரையும் தாமே எழுதி, 1859இல் இலண்டனில் மறுபதிப்பு வெளிவரச் செய்தார். 1857 கிளர்ச்சி நடந்து இரண்டாண்டுகூட ஆகாத காலம் அது! இந்தியர் என்றாலே இலண்டன் சீறிக்கொண்டிருந்த நேரத்தில், இந்தியரின் இயற்கணித மரபை மதித்து எழுதிய அந்த முன்னுரையை, டி மார்கன் விதியைவிடக்கூட நான் பெரிதாக மதிக்கிறேன்.

இனி விதிக்கு வருவோம். 1847இல் அவர் தருக்கத்தைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். அந்தச் சமயம் எடின்பரோவில் இருந்த மற்றொரு ஹாமில்டன், தம் கருத்தைத் திருடிவிட்டதாக அவர்மேல் குற்றம் சாட்டினார். வழக்கு வெகுநாள் நடந்தது. அந்தச் சண்டையைப் படித்து ஊக்கம் பெற்ற ஒரு லிங்கன் நகரத்துப் பள்ளி ஆசிரியர், செருப்புத் தொழிலாளியின் மகன், அதே 1847இல் ஒரு சிறு நூல் எழுதினார். அவர் பெயரால்தான் பூலியன் என்ற சொல் இன்று பல கணிப்பொறி மொழிகளிலும் வழங்குகிறது. சண்டையாலும் சில நன்மை உண்டு!

டி மார்கன் ஒரு கூட்டத்தைப் பெரிய எழுத்தால் குறித்தார். அக்கூட்டத்தில் சேராதவற்றைச் சிறிய எழுத்தால் குறித்தார். அல்லாதவை என்றால் எவை? மாணவர் அல்லாதவை என்றால் மலையும் மரமும் விண்மீனும் எல்லாம் வந்துவிடுமே! ஆகவே பேச்சுக்கு ஓர் எல்லை வேண்டும், அந்த எல்லைக்குள்தான் அல்லாதவை என்பதற்குப் பொருள் உண்டு என்று 1846லேயே சொன்னார். வடிகட்டும் நிரல் எழுதுகிறவனுக்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது. கையில் இருக்கும் பட்டியலே எல்லை. அது மாறாமல் நிற்கவேண்டும். நிபந்தனை அதன்மேல் ஒளி பாய்ச்சிச் சிலரைக் காட்டுகிறது. மறுப்பு, மீந்தவரைக் காட்டுகிறது. அறைத்தோழரின் நிரல் எல்லையையே அரித்துக்கொண்டு போயிற்று, அதனால்தான் பிழைத்தது.

பிறகு விதி. இரண்டு பண்பும் உடையவர் அல்லாதார் யார்? முதற் பண்பு இல்லாதவர், அல்லது இரண்டாம் பண்பு இல்லாதவர். இரண்டில் ஒன்றேனும் உடையவர் அல்லாதார் யார்? முதலும் இல்லாதவர், இரண்டாவதும் இல்லாதவர். மறுப்பு உள்ளே நுழையும்போது உம்மை அல்லதுவாக மாறும். அல்லது உம்மையாக மாறும். அவ்வளவுதான். இடைக்காலத் தருக்க அறிஞர்களும் இதை அறிந்திருந்தார்கள். ஆனால் புதிய குறியீட்டுத் தருக்கத்தில் இதற்கு இடம் கொடுத்தவர் டி மார்கன். நான் மறுப்பை உள்ளே கொண்டுபோனேன். உம்மையை மாற்ற மறந்தேன். பத்தொன்பது பேர் காணாமற் போனார்கள்.

உண்மையில் அதை உள்ளே கொண்டுபோக வேண்டிய தேவையே இல்லை. விதியில் எப்படி எழுதியிருக்கிறதோ அப்படியே இரண்டையும் உம்மையால் சேர்த்து, அடைப்புக்குறிக்குள் வைத்து, மறுப்பை வெளியே நிறுத்தினால் போதும். பைத்தானில் ஒரு வரி. ரூபி மொழியில் இன்னும் நயம்: பொருந்தியவரை எடுக்க 'செலக்ட்' என்றும், பொருந்தியவரைத் தள்ள 'ரிஜெக்ட்' என்றும் இரண்டு ஏவல்கள் உண்டு. விலக்க வேண்டியவர் யார் என்று விதி சொன்னால் 'ரிஜெக்ட்' என்றே எழுதலாம், மறுப்பே வராது. ஜாவாஸ்கிரிப்டில் அணிகளுக்கு 'ஃபில்டர்' ஒன்றுதான். அங்கே மறுப்பைக் கவனமாக வெளியே வைக்கவேண்டும். சுருக்கமாக எழுதுவதே அந்த மொழியின் வழக்கு என்று நினைத்திருந்தேன். வாய்மொழியாகச் சொன்ன விதியும் எழுதிய வரியும் ஒன்றாய் ஒலிப்பதே வழக்கு என்று இப்போது தோன்றுகிறது.

டி மார்கனின் மாணவர்களுள் ஜெவன்ஸ் என்பவர் இந்த வேலைக்குப் பொறியே செய்தார். பியானோ போலக் கட்டைகள் கொண்ட பெட்டி. நான்கு பண்புகள் இருந்தால் 16 வகைச் சேர்க்கைகள் வரும். கட்டைகளை அழுத்தி ஒரு கூற்றைச் சொன்னால், அதற்குப் பொருந்தாத சேர்க்கைகள் மறைந்து பொருந்தியவை மட்டும் நிற்கும். 1870இல் இலண்டன் ராயல் சொசைட்டியில் அதைக் காட்டினார். ஆசிரியர் அந்தச் சொசைட்டியில் உறுப்பினராக ஒருபோதும் விரும்பியதில்லை! எடின்பரோ தர முன்வந்த மதிப்புப் பட்டத்தையும் அவர் வேண்டாமென்றார். தேர்தலில் வாக்களித்ததில்லை, பார்லிமெண்டு மன்றத்துக்குள் நுழைந்ததில்லை. இதெல்லாம் சிறிது மிகை என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் விளையாட்டுக் குணமும் உண்டு. ஓர் ஆண்டின் எண் தம் அவ்வாண்டு வயதின் வர்க்கமாக இருந்தது என்று புதிர் போடுவார். 43ஐ 43ஆல் பெருக்கிப் பாருங்கள், 1849 வரும்.

இல்வாழ்க்கை இனிதாக இருந்தது. 1837இல் சோபியா பிரெண்டு அம்மையாரை மணந்தார். அவர் தந்தையும் கொள்கைக்காகக் கேம்பிரிட்ஜிலிருந்து வெளியேற்றப்பட்டவர்தாம். மக்கள் எழுவர். வில்லியம் புகழ்பெற்ற மட்பாண்டக் கலைஞரானார். ஜார்ஜ் தந்தையைப் போலக் கணிதர். இலண்டன் கணிதக் கழகம் தோன்ற 1865இல் முன்னின்றவர்களுள் ஒருவர். தந்தையே கழகத்தின் முதல் தலைவர்.

அடுத்த ஆண்டே இடி விழுந்தது. தருக்கம், உளநூல் பேராசிரியர் பதவிக்கு ஜேம்ஸ் மார்ட்டினோ என்பவரின் பெயர் வந்தது. அவர் யூனிடேரியன் சமயப் போதகர் என்பதற்காகக் கல்லூரி மறுத்துவிட்டது. சமயம் பார்ப்பதில்லை என்ற ஒரே காரணத்துக்காக டி மார்கன் தேடி வந்த கல்லூரி! அறுபது வயதில் மீண்டும் விலகினார். இம்முறை திரும்பவில்லை. பின்னர்ப் பழைய மாணவர்கள் அவருடைய உருவத்தைச் செய்து கல்லூரியில் வைக்க விரும்பியபோதும், அந்த இடத்தோடு தமக்கு உறவு முடிந்துவிட்டதென்று மறுத்தார். 1867இல் மகன் ஜார்ஜ் இறந்தார். 1870இல் ஒரு மகளும் போனாள். உடல் தளர்ந்த அந்தப் பேராசிரியர் 1871 மார்ச்சு 18ஆம் நாள் மறைந்தார். அவர் சேர்த்து வைத்த நூல்கள், பக்க ஓரங்களில் அவர் எழுதிய குறிப்புகளோடு, இலண்டன் பல்கலைக் கழக நூலகத்தில் இருக்கின்றன.

இவ்வாண்டுப் பயணப் பட்டியலையும் நானே எடுத்தேன். ஆனால் ஒட்டுவதற்கு முன் அந்த இராமநாதபுரத்துத் தம்பியிடம் கொடுத்துக் கையால் சரிபார்க்கச் சொன்னேன். 38 பெயர்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். தன் பெயர் வந்த இடத்தில் மட்டும் இரண்டு முறை சரிபார்த்ததைக் கண்டேன். சனவரி 11ஆம் நாள் இரவு, புதுதில்லி நிலையத்தில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டு வந்தோம்.